அம்மா ஏற முடியாத ஜீப்

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த ஒரு கடிதத்தை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். எழுதியவர் ஏற்காடு அடிவாரத்துக்காரர். "எங்களிடம் 1996 மாடல் ஃபோர் வீல் ஜீப் இருக்கிறது. தோட்டத்துக்கு இதைப் போல இன்னொரு வண்டி வராது. ஆனால் வீட்டில் எல்லோரும் விற்றுவிடச் சொல்கிறார்கள். வேறு வண்டி வாங்கினால் தோட்டத்துக்குள் போகுமா? விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருந்தார்.

பூச்சி, உரம், விதைநேர்த்தி என்று பதில் எழுதும் எனக்கு இந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் உண்டு. என் ஜீப்பை ஆசிரியருக்குத் தெரியும். 1991 மாடல் எம்.எம்.540. போன ஆவணியில்தான் அதை விற்றேன். விற்க வேண்டும் என்று வீட்டில் சொல்லத் தொடங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் தோட்டம் கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கம். நாலு ஏக்கர் மரவள்ளி, ஒன்றரை ஏக்கர் தென்னை. தார் ரோட்டிலிருந்து இட்டேரியில் இரண்டு கிலோமீட்டர் போய், ஓர் ஓடையைத் தாண்டி, செம்மண் ஏற்றம் ஏற வேண்டும். 1998-ல் அப்பாவும் நானும் சேர்ந்து அந்த ஜீப்பை ஒரு எஸ்டேட்காரரிடம் வாங்கினோம். அடுத்த வருடமே எனக்கு மலைமேல் வேலை. 70 கொண்டை ஊசி வளைவுகளும் அந்த ஜீப்பில்தான் எனக்குப் பழக்கம். சாமை விதை மூட்டை, பன்னியூர்-1 மிளகு நாற்று, பயிற்சிக்கு வரும் விவசாயிகள், எல்லாம் அதில் ஏறும். மார்கழிக் காலையில் ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பினால் ஒருமுறை இருமும், பிறகு பிடித்துக்கொள்ளும்.

1947 வாக்கில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா நிறுவனம் நம் நாட்டில் பொருத்தித் தரத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்ததுதான் எம்.எம்.540. பிரான்ஸ் நாட்டு பியூஜோ வடிவமைத்த 2,112 சி.சி. டீசல் எஞ்சின். கியர் கம்பியோடு இன்னும் இரண்டு குட்டிக் கம்பிகள் இருக்கும். ஒன்று முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க, இன்னொன்று லோ கியருக்கு. கேபினில் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் சரிசெய்வார்கள். அப்பா 2013-ல் போன பிறகு அந்த ஜீப் எனக்கு வெறும் வண்டியாக இல்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இது புரியும்.

போன சித்திரையில், பள்ளி விடுமுறைக்கு மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்திக்கு ஐந்து வயது. பின்னால் எதிரெதிராகப் போட்டிருந்த பெஞ்சில் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த பெஞ்சை நான்தான் பட்டறையில் சொல்லிக் கட்டினேன். இட்டேரியில் ஆடு குறுக்கே வந்தது. நான் பிரேக் அடித்தேன். வண்டி முப்பதில்கூடப் போகவில்லை. குழந்தை பெஞ்சிலிருந்து வழுக்கி, வீல் ஆர்ச்சின் இரும்பு விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டாள். சேந்தமங்கலத்தில் நாலு தையல். பக்கவாட்டில் உட்காருபவருக்கு முன்னால் தடுக்க எதுவும் இல்லை, பெல்ட்டும் இல்லை. இருபத்தேழு வருடம் அந்த பெஞ்சில் எத்தனை பேரை ஏற்றியிருக்கிறேன் என்று அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அபராதத்துக்காக இதைச் சொல்லவில்லை. சட்டம் அந்தக் குழந்தையைப் பற்றி யோசித்திருக்கிறது, நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகும் மனசு கேட்கவில்லை. 'ஓடைக்கு ஃபோர் வீல் வேண்டுமே' என்பதுதான் என் கடைசிப் பிடி. எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. இலாகா வேலையில் வந்தது. முந்தைய பன்னிரண்டு மாதத்தைப் புரட்டினேன். ஜீப்பை எடுத்த நாள் 190 சொச்சம். ஃபோர் வீல் போட்ட நாள் 11. பதினொன்றும் ஐப்பசி, கார்த்திகை மழையில், அந்த ஓடையிலும் ஏற்றத்திலும் மட்டும். மற்ற நாளெல்லாம் சேந்தமங்கலம் உரக்கடை, நாமக்கல் ஆஸ்பத்திரி, கல்யாணம், காது குத்து.

அதே நாட்குறிப்பில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அம்மாவின் பெயர் எங்குமே இல்லை. அம்மாவுக்கு 79 வயது. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர். தோட்டத்துக்குக் கூப்பிட்டால் "ஆட்டை யாரு பார்க்கறது, நீ போயிட்டு வா கண்ணு" என்பார். இரண்டு வருடமாக நான் அதை ஆட்டின் மேல் உள்ள பாசம் என்றே நினைத்திருந்தேன். மனைவியிடம் கேட்டேன். "ஏங்க, அந்த ஜீப்புல அத்தை எப்படிங்க ஏறுவாங்க? ஸ்டூல் போட்டு ஒருதரம் ஏறி, கால் நடுங்கிப்போய் இறங்கிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க" என்றாள்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் இருபத்தேழு வருடமும் டிரைவர் சீட்டிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன்.

வேறு வண்டி தேட ஆரம்பித்தபோது முதலில் ஆசைப்பட்டது டபுள் கேபின் பிக்கப். முன்னால் குடும்பம், பின்னால் மூட்டை. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் சரக்கு வண்டியாகப் பதிவானால் மஞ்சள் போர்டு, எஃப்.சி., அதற்கான இன்சூரன்ஸ் எல்லாம் வரும். ஓட்டுநர் உரிமம் பிரச்சினை இல்லை, சாதாரண எல்.எம்.வி. உரிமத்திலேயே 7,500 கிலோ வரையுள்ள போக்குவரத்து வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிப்படுத்திவிட்டது. என்னைத் தடுத்தது வேறு. பிக்கப் இருந்தால் களையெடுக்கும் ஆட்களை நாம் பின்தொட்டியில் ஏற்றாமல் இருக்க மாட்டோம். சரக்கின் உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு போகலாம். சும்மா ஏறிவரும் ஆட்களுக்குச் சரக்கு வண்டிக் காப்பீடு பொறுப்பேற்காது. கவிழ்ந்தால் நஷ்டஈடு நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டிவரும். ஊருக்கு ஊர் இது நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

புது ஃபோர் வீல் வண்டிகள் விலை கேட்டவுடன் எழுந்து வந்துவிட்டேன். 11 நாளுக்காகப் பல லட்சம் அதிகம்.

கடைசியில் பழைய போலீரோதான் என்று முடிவு. பின் சக்கர இழுவை, லாரிபோல சேஸிஸ் மேல் கட்டிய பாடி, உயரம் போதும். தேதி ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: 2022 ஜனவரிக்குப் பிறகு தயாரானது. அன்று முதல் தயாரான எல்லா கார்களிலும் முன்னால் இருவருக்கும் ஏர்பேக் கட்டாயம், ஏ.பி.எஸ். பிரேக் அதற்கு முன்பே, 2019 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. பழைய வண்டி வாங்கும் யாரும் மாடலைவிடத் தயாரான மாதத்தைப் பாருங்கள்; ஆர்.சி.யில் இருக்கும்.

வண்டி பார்க்கப் போகும்போது மெக்கானிக்கை மட்டும் கூட்டிப்போவதுதான் வழக்கம். நான் அம்மாவையும் கூட்டிப்போனேன். சேலத்தில் யார்டுக்காரர் நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை. ஐந்து வண்டியில் ஏறி இறங்கினார். ஒன்றில், "இதுல பிடிச்சு ஏற ஒண்ணுமில்லையே கண்ணு" என்றார். இன்னொன்றில் சீட் தாழ்வு, எழ முடியவில்லை. மெக்கானிக் சேஸிஸில் துரு பார்த்தார், சர்வீஸ் சீட்டைப் பார்த்தார். நான் நடு சீட்டில் உட்கார்ந்து மூன்று பேருக்கும் பெல்ட் இழுத்துப் பார்த்தேன். ஒன்று சீட்டுக்கு அடியில் சிக்கிக் கிடந்தது. அம்மா கடைசியாக ஏறிய வண்டியைத்தான் எடுத்தோம். கீழே ஒரு படியும் கதவோரம் கைப்பிடியும் தனியாகப் போட்டேன். கடைசியில் எதிரெதிராக இருக்கும் சின்ன சீட்டுகளை மடித்தே வைத்திருக்கிறேன். அங்கே தேங்காய், புண்ணாக்கு மூட்டை மட்டும்.

இனி அந்த ஓடை. வாங்கிய செலவில் சிறு பங்கைப் பாதைக்குச் செலவழித்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். செம்மண் ஏற்றம் கெடுவது டயரால் அல்ல, தண்ணீரால். மேலிருந்து வரும் மழைநீர் சக்கரத் தடத்திலேயே ஓடி அதை வாய்க்காலாக்கிவிடும். ஏற்றத்தில் இருபதடிக்கு ஒன்றாகக் குறுக்கே சாய்வாகத் தாழ்ந்த மேடு போட்டு, தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். நிலத்தில் வரப்பு போடுகிற அதே வித்தைதான். வழுக்கும் இடத்தில் மட்டும் கிராவல். ஜே.சி.பி. ஒரு நாள் வேலை. இவையெல்லாம் எங்கள் பட்டா நிலத்துக்குள். ஓடை புறம்போக்கு, அதில் குழாய் பதித்து மண் போட நமக்கு உரிமை இல்லை, நான் தொடவும் இல்லை.

கார்த்திகை மழையில் சோதனை வந்தது. பின் சக்கர இழுவை வண்டி காலியாகப் போனால் பின்பக்கம் எடையில்லாமல் சக்கரம் சுற்றும். இரண்டு மணல் மூட்டையைப் பின்னால் போட்டதும் ஏற்றம் ஏறிவிட்டது. ஓடையில் முழங்காலளவு தண்ணீர் வந்த ஆறு நாள், வண்டியை இக்கரையில் நிறுத்திவிட்டு, தண்ணீர் வடிந்ததும் நடந்து போனேன். ஜீப் இருந்திருந்தால் இறங்கியிருப்பேன். இறங்கியிருக்கக் கூடாது என்பதும் தெரியும்.

ஜீப்பை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். டெல்லியில் பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை என்று படித்துவிட்டுப் பலர் பயப்படுகிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கானது. நம்மூரில் சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி, 20 வருடம் தாண்டிய இலகு ரக வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. என் ஜீப்புக்கு 2026-ல் அது வரவேண்டியிருந்தது. அரசு பதிவு பெற்ற மையத்தில் உடைக்கக் கொடுத்தால் ஒரு சான்று தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டியின் சாலை வரியில் சலுகை கேட்கலாம். ஓடாத வண்டிக்கு அது சரி. ஓடுகிற, காகிதம் சுத்தமான ஃபோர் வீல் ஜீப்பைத் தேடி வாங்க ஆள் இருக்கிறது. இரும்பு விலைக்குக் கேட்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்.

வாங்கியவர் வளவந்திநாட்டு மிளகு விவசாயி. அவருடைய காட்டுக்கு ரோடே கிடையாது. அந்தக் குட்டிக் கம்பி இரண்டும் அவருக்குத் தினமும் வேலை செய்யும். "பின்னாடி பெஞ்சு வேண்டாமுங்க சார், மூட்டைக்கு இடம் வேணும்" என்றார். நானே கழற்றிக் கொடுத்தேன்.

பெயர் மாற்றம் முடியும்வரை நான் தூங்கவில்லை. தெரிந்த ஒரு விவசாயி ஜீப்பை விற்று, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்தார். மூன்று வருடம் கழித்து விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து அவருக்குச் சம்மன். வண்டி எத்தனை கை மாறினாலும் ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே படிவம் 29, 30 இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டு, விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் அவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நான் அவரையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனேன். புது ஆர்.சி. வந்த அன்று அவர் அதைப் படம் எடுத்து அனுப்பினார்.

ஏற்காட்டு நண்பருக்கு: உங்கள் தோட்டத்துப் பாதை எனக்குத் தெரியாது. மழையில் வருடத்துக்கு நூறு நாள் சேறு என்றால் ஜீப்பை விற்க வேண்டாம்; பெஞ்சை மட்டும் கழற்றிவிட்டு, குடும்பத்துக்குச் சின்னக் கார் ஒன்று பழையதாகப் பாருங்கள். நாள் குறைவென்றால் விற்கலாம். எதுவானாலும் ஆர்.சி.யில் பதிவு என்றுவரை என்று முதலில் பாருங்கள். 1996 மாடல் என்றால் உங்களுக்கும் 2026-லேயே புதுப்பிக்க வரக்கூடும்.

போன மாதம் அம்மா தோட்டத்துக்கு வந்தார். இரண்டரை வருடத்துக்குப் பிறகு. கைப்பிடியைப் பிடித்துத் தானே இறங்கினார். கைத்தடியை ஊன்றி மரவள்ளிக் கொல்லையின் ஓரமாக நடந்தவர், நாலாவது வரிசையில் நின்று ஒரு குருத்தை வளைத்துப் பார்த்தார். நுனி சுருண்டு, வெள்ளையாக மாவுப்பூச்சி.

"ஆபீசரு ஊருக்கெல்லாம் சொல்றே. இதப் பார்க்கலியா கண்ணு?" என்றார்.

நான் பார்த்திருக்கவில்லை.