இரண்டு பாட்டிலில் போடச் சொல்லுங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க நின்று லேத் ஓட்டுகிறவருக்கு இடுப்பு வலிப்பது செய்தியே இல்லை. ஷிப்ட் முடிந்து வரும் வழியில் மெடிக்கலில் இரண்டு வலி மாத்திரை, வீட்டில் தைலம், ஞாயிற்றுக்கிழமை உருவிவிட ஓர் ஆள். டாக்டரிடம் போனால் ‘டிஸ்க்’ என்பார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. மூன்று மாதம் இப்படியே ஓடும். அதற்குள் எடை ஐந்து கிலோ இறங்கியிருக்கும். பழியைச் சர்க்கரை மேல் போட்டுவிடுவார்கள்.

வேலை கொடுத்த வலி படுத்தால் அடங்கும். முதுகெலும்பில் கிருமி குடியேறிய வலி படுத்தாலும் அடங்காது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். முதுகுத்தண்டின் மேல் வரிசையாக விரலால் தட்டிக்கொண்டே வந்தால் ஒரே ஓர் எலும்பில் மட்டும் சுள்ளென்று வலிக்கும். சாயங்காலக் காய்ச்சல் சிலருக்கு வரும், சிலருக்கு வரவே வராது. எலும்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும் என்பதால், ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போய்விடக் கூடாது. சர்க்கரை, டயாலிசிஸ், நாள்பட்ட ஸ்டீராய்டு, முன்பு வந்த டிபி, இதில் ஏதாவது ஒன்று இருந்து முதுகுவலி வாரக்கணக்கில் விடவில்லையென்றால் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் தேவையா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கால் துவண்டாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தன்னையறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ மறுநாள் ஓபிக்காகக் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

கை முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போவது நம் பக்கத்துப் பழக்கம், அதோடு வாதாட நான் வரவில்லை. ராத்தூக்கத்தைக் கெடுக்கிற முதுகை மட்டும் யாரும் மிதிக்கவோ அமுக்கவோ கொடுக்காதீர்கள். உள்ளே உளுத்துப்போன எலும்பு நொறுங்கினால் நரம்பை அழுத்தும்.

எம்ஆர்ஐ வந்துவிட்டது, இரண்டு எலும்பும் நடுவிலுள்ள தட்டும் கெட்டிருக்கின்றன, பக்கத்தில் சீழ். நம் ஊரில் இதைப் பார்த்ததும் ‘டிபி’ என்று எழுதுவதுதான் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் படத்தில் கிருமியின் பெயர் எழுதியிருக்காது. ஸ்டெஃபைலோகாக்கஸ் இருக்கலாம். காய்ச்சாத பாலிலிருந்தும் கன்று ஈனும் மாட்டைத் தொட்டும் வருகிற புரூசெல்லா இருக்கலாம். மழைக்காலச் சேற்றிலிருந்து சர்க்கரை நோயாளிக்குள் புகும் மெலியாய்டோசிஸ் இருக்கலாம், பூஞ்சையும் இருக்கலாம். மெலியாய்டோசிஸுக்குச் சில வாரங்கள் நரம்பு வழி மருந்து, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. டிபி மருந்தை எத்தனை மாதம் விழுங்கினாலும் அது போகாது. புரூசெல்லா இன்னும் கள்ளத்தனமானது. டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதையும் கொஞ்சம் அடக்கும் என்பதால் பாதி குணமானதுபோல் காட்டி, பிறகு திரும்பி வரும்.

அதனால்தான் ஊசி வழியாக எலும்புத் துணுக்கையும் சீழையும் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். கெட்டுப்போவதும் இந்த இடத்தில்தான். எடுத்த துணுக்கு முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டால் கிருமி செத்துவிடும். திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாமே தவிர, கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் தெரியாது. ஒரு பங்கு ஃபார்மலினில், இன்னொரு பங்கு வெறும் சலைனில் போக வேண்டும். சலைன் பாட்டிலிலிருந்துதான் டிபிக்கான சிபிநாட் மரபணுச் சோதனை, டிபி கல்ச்சர், சாதாரணக் கல்ச்சர், பூஞ்சைக் கல்ச்சர் எல்லாம் செய்வார்கள். தியேட்டருக்குள் போகும் முன் “டாக்டர், கல்ச்சருக்கும் தனி பாட்டில் அனுப்புவீர்களா?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, உங்கள் எலும்பு அது. நோயாளி நிதானமாக, நரம்புக் கோளாறு இல்லாமல் இருந்தால் துணுக்கு எடுக்கும்வரை ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடலாமா என்றும் கேளுங்கள். லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் டிபியையும் அரைகுறையாக அடக்கிவிட்டு, பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது.

டிபி என்று உறுதியானால் வீடே இடிந்துபோகும். இடிய வேண்டியதில்லை என்று உலகத்துக்குச் சொன்னதே நம் சென்னைதான். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வில் முதுகெலும்பு டிபி உள்ள 304 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: அறுவைச் சிகிச்சையோடு ஆறு மாத மருந்து, நடமாடிக்கொண்டே ஆறு மாத மருந்து, அதே மாதிரி ஒன்பது மாத மருந்து. 1999இல் வெளிவந்த பத்தாண்டு முடிவில் நல்ல நிலையில் இருந்தவர்கள் முறையே 90, 94, 99 சதவீதம். கத்தி வைக்காதவர்கள் பின்தங்கவில்லை. முன்பே கூன் அதிகமாக விழுந்திருந்த, 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் கூன் கூடியது. ஆகவே எல்லா முதுகு டிபிக்கும் ஆபரேஷன் என்றால் காரணம் கேளுங்கள். நரம்பு அழுத்தம், எலும்பு நிலைகுலைவு, பெரிய சீழ் என்று பதில் வந்தால் அது நியாயமான காரணம். மருந்துக் காலம் இன்று 12 முதல் 18 மாதம். வலி போனதும் மூன்றாம் மாதமே நிறுத்துவது, மருந்துக்கு அடங்காத டிபி உருவாக ஒரு முக்கியக் காரணம்.

இந்த மருந்து முழுக்க இலவசம், தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் அரசுத் திட்டத்தில் வாங்கலாம். டிபி நோயாளியை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியாருக்கும் கட்டாயம். நிக்‌ஷய் பதிவு எண் கிடைத்ததா என்று பாருங்கள், சத்துணவுக்கான மாதம் 1,000 ரூபாய் அதன் வழியாகத்தான் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500. சந்தேகத்துக்கு 1800-11-6666.

எஸ்டேட்காரர்கள் கோட்டைவிடுவது ஈஎஸ்ஐயை. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து பிடித்தம் நடந்திருந்தால் கவனியுங்கள், ஈஎஸ்ஐயின் 34 நீண்டகால நோய்களின் பட்டியலில் டிபி உண்டு. பணிக்காலத் தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம்வரை, இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும் முன் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் கேளுங்கள். ஈஎஸ்ஐ இல்லாதவர், குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. பட்டியலில் உள்ள அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை.

சிகிச்சையில் தவறு நடந்தது என்று தோன்றினால் முதலில் கேட்க வேண்டியது கேஸ் ஷீட்டை. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி. டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு காலத்தில் சொன்னது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. பணம் கட்டிப் பார்த்த சிகிச்சைக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. நோய் குணமாகாததே அலட்சியம் ஆகிவிடாது, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதைக் காட்ட வேண்டும். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே கண்காணிப்பாளரிடமும், டாக்டரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் எழுத்தில் கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம் என்பதால் ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர் ஆணையம். அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு மாறிவிட்டது, அங்கே இருப்பவர்கள் சென்னையில் போட வேண்டும்.