கரிசல் மண்ணில் முற்றத் தளம்

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களின் கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். இதன்மேல் நேராகப் பதித்த பேவர் கற்கள் சில மழைக்காலங்களுக்குள் மேடு பள்ளமாவதும், தேங்கிய நீர் சுவரடியில் இறங்குவதும் கண்கூடு. குற்றம் கல்லினுடையதன்று.

கல்லின் நிறத்தைத் தேர்வதில் காட்டும் அக்கறையை நம் மக்கள் அடித்தளத்தில் காட்டுவதில்லை. முதலில் 1 அடி ஆழத்திற்குக் கரிசலை அகற்றிச் செம்மண் சரளையை 4 அங்குலப் படைகளாகப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசு கொண்டு இறுக்குதல் வேண்டும். பள்ளத்தை மணலால் நிரப்புவது தவறு; அதன்வழி இறங்கும் நீர் கீழ்க்கரிசலை மீண்டும் உப்பச் செய்யும். சரளை கிட்டாத ஊர்களில், தோண்டிய மண்ணைப் பொடித்து, 100 கிலோவுக்கு 4 கிலோ வீதம் நீற்றிய சுண்ணாம்பு கலந்து இறுக்கலாம். உப்பும் இயல்பு வெகுவாகக் குறையும்.

இதன்மேல் 1 அங்குல மணல், பிறகு கல். தளம் சுவரிலிருந்து விலகி 50 அடிக்கு 1 அடி வீதம் தாழ்ந்திருத்தல் அவசியம். சரிவான மனையில் தாழ்ந்த ஓரத்தில் ஓரக்கற்களைக் கான்கிரீட்டில் ஊன்றி, அங்கிருந்தே மேல்நோக்கிப் பதித்து வருக. இன்றேல் மணல் நழுவிக் கற்கள் விலகும். சரிவு மிகுமாயின் இரு படிகளாக வெட்டித் தாங்குசுவர் எழுப்பி, அதில் நீர் கசியத் துளைகள் விடுக.

மண் வெடித்துக் கிடக்கும் சித்திரையும் சேறாயிருக்கும் ஐப்பசியும் இவ்வேலைக்கு ஆகா. ஈரம் மிதமாக நிற்கும் தை, மாசியே ஏற்ற காலம்.