பெஞ்சில் உட்கார்ந்தே டிகிரி முடியணுமா?

"இன்னைக்காவது உன்னை இறக்கினாங்களா?"

மேட்ச் முடிந்து வரும் பிள்ளையிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வி. துவைக்கப் போட்ட ஜெர்சியில் அழுக்கே இல்லையென்றால், அதுவே பதில். கல்லூரியில் நானும் பெஞ்ச்தான், அந்தக் கேள்வி எப்படி வலிக்கும் என்று தெரியும்!

மதுரையில் இது சின்ன விஷயமில்லை. 2019 மே மாதம் நம்ம ஊர் சேது எஃப்.சி, லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. அப்படி ஒரு கிளப் இருக்கும் ஊரில், கால்பந்தை நம்பும் கல்லூரிப் பெண்ணுக்கு ஒரே தேவை, தன் ஆட்டத்தை யாராவது பார்க்க வேண்டும். பெஞ்சில் இருப்பவரை யார் பார்ப்பார்கள்?

கோச்சையும் குறை சொல்ல முடியாது. கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட். ஒரு தோல்வி, மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் எப்போதும் அதே 11 பேர். அதில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால், உள்ளே வருபவர் தன் முதல் நிமிடத்தையே அரையிறுதியில்தான் ஆடுவார்.

அமெரிக்காவில் (கோரிப்பாளையம் அமெரிக்கன் கல்லூரி இல்லைங்க, நிஜ அமெரிக்கா!) முட்டை வடிவப் பந்தில் ஆடும் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு கதை உண்டு. 2018 ஜனவரி, தேசிய இறுதிப் போட்டி. பாதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 0-13 எனப் பின்தங்கிய அலபாமா, டுவா டங்கோவைலோவா என்ற முதலாண்டு மாணவரை இறக்கியது. கூடுதல் நேரத்தில் 26-23 என வெற்றி. கடைசி பாஸ் அவருடையது. அந்த சீசனில் ஜெயிப்பது உறுதியான ஆட்டங்களின் கடைசிப் பகுதியில் அவரை ஏற்கெனவே ஆடவிட்டுப் பழக்கியிருந்தார்கள். அதே ஆண்டு அங்கே விதியும் மாறியது. ஒரு சீசனில் 4 ஆட்டம் வரை ஆடினாலும், மாணவருக்குரிய 4 சீசன் கணக்கில் அது சேராது என்று ஆனது.

நம் கால்பந்தில் ஒருமுறை வெளியே வந்தவர் திரும்ப இறங்க முடியாது. அதனால் கோச் தயங்குகிறார். ஆனால் நட்பு ஆட்டத்தில் இரு அணியும் பேசிக்கொண்டு, ரெஃப்ரீயிடம் முன்பே சொல்லிவிட்டால் நிறைய பேரை மாற்றலாம். பக்கத்துக் கல்லூரியோடு ஒரு சனிக்கிழமை காலை, அவங்க பெஞ்சும் நம்ம பெஞ்சும் மோதட்டுமே!

இதில் பாவம், இரண்டாவது கோல்கீப்பர். 3-0 என முன்னிலையில் இருந்தாலும் கீப்பரை யாரும் மாற்றுவதில்லை. அவருக்கு அந்தச் சனிக்கிழமைதான்.