ஐந்து வாக்கியக் கடிதமும் அறுநூறு மேற்கோள்களும்

1980 ஜனவரி 10 தேதியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஆய்விதழின் கடிதப் பகுதியில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த ஜேன் போர்ட்டர், மருத்துவர் ஹெர்ஷெல் ஜிக். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த 39,946 நோயாளிகளின் பதிவுகளை அவர்கள் பார்த்திருந்தார்கள். அவர்களில் 11,882 பேருக்கு ஒரு முறையாவது அபின் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே போதைப் பழக்கம் இல்லாதவர்களில், அந்த மருந்துக்கு அடிமையானதாக ஓரளவு உறுதியாகப் பதிவாகியிருந்தவர்கள் நான்கு பேர். எத்தனை நாள் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், வீடு திரும்பிய பின் நோயாளிகள் என்ன ஆனார்கள் என்ற விவரம் எதுவும் கடிதத்தில் கிடையாது.

1990-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதைப் பெரிய ஆய்வு என்று குறிப்பிட்டது. 2001-இல் ‘டைம்’ இதழ் திருப்புமுனை ஆய்வு என்றது. இதற்கிடையே 1996-இல் ‘ஆக்ஸிகான்டின்’ என்ற அபின் வகை வலிநிவாரணி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டூ ஃபார்மா நிறுவனம், அடிமையாகும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று தன் விற்பனைப் பிரதிநிதிகளைச் சொல்ல வைத்தது. மருத்துவமனைக் கட்டிலில் செவிலியர் கண்முன் கொடுத்த மருந்தைப் பற்றிய கணக்கு, நாள்பட்ட முதுகுவலிக்கு மாதக்கணக்கில் வீட்டில் விழுங்கும் மாத்திரைக்குச் சான்றாகிவிட்டது. அமெரிக்காவில் 1999 முதல் 2021 வரை அபின் வகைப் பொருட்களை மிகையாக உட்கொண்டு இறந்தவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். இத்தனை சாவுக்கும் ஒரு கடிதம்தான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் இம்மருந்துகளை எழுதித்தர மருத்துவர்களுக்கு இருந்த தயக்கத்தை உடைத்த வாதங்களில் அதற்கு முக்கிய இடம் இருந்தது.

2017-இல் டொரன்டோ ஆய்வாளர்கள் சிலர் ‘வெப் ஆஃப் சயின்ஸ்’ தரவுத்தளத்தில் தேடி, இக்கடிதத்தை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்கள். மொத்தம் 608. அதே காலத்தில் அதே இதழில் வந்த மற்ற கடிதங்கள் பெற்ற மேற்கோள்களின் இடைநிலை எண் 11தான். அந்த 608-இல் 439 கட்டுரைகள், அடிமையாவது அரிது என்பதற்கு இதையே ஆதாரமாக வைத்தன. 491 கட்டுரைகள், இது மருத்துவமனையில் இருந்தவர்களைப் பற்றியது என்பதையே சொல்லவில்லை. அந்தக் கட்டுரையாளர்களில் பலர் மூலத்தைப் புரட்டிப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பது என் ஊகம். முன்னவர் எழுதியதைப் பார்த்துப் பின்னவர் எழுதினால்தான் விவரம் இப்படி உதிரும்.

அன்று மூலத்தைப் பார்க்க நூலகத்துக்குப் போய், பைண்டு செய்த பழைய தொகுதியைத் தேடி எடுக்க வேண்டும். இன்று மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் தலைப்பை இட்டால் சில நொடிகள் போதும். அந்தப் பக்கத்தில் ஆய்வுச் சுருக்கம் இல்லை. கீழே வெளியீட்டு வகை என்ற இடத்தில் ‘கடிதம்’ என்று இருக்கும். அந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே ‘திருப்புமுனை ஆய்வு’ என்ற பேச்சு நின்றுவிடும். ஆனால் பெரும்பாலானோர் தேடும்போது தலைப்பையும் ஆண்டையும் மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கூகுள் ஸ்காலர் வேறு விதத்தில் ஏமாற்றும். எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தே அது வரிசைப்படுத்துகிறது. அதிகம் மேற்கோளானது மேலே வரும், மேலே வந்ததால் இன்னும் மேற்கோளாகும். அந்த எண்ணுக்குள் நுழைந்து, மேற்கோள் காட்டியவர்களில் நான்கைந்து பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பதுதான் அந்த வசதியின் உண்மையான பயன். மறுத்தவர்கள் இருந்தால் அங்கேதான் தட்டுப்படுவார்கள்.

தவறான கட்டுரையைத் தரவுத்தளமே காட்டிக்கொடுக்கும் என்று நம்புபவர்களும் உண்டு. சில நேரம் காட்டும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை ‘தி லான்செட்’ 2010-இல் திரும்பப் பெற்றது. பப்மெட்டில் அதைத் திறந்தால் அந்த எச்சரிக்கை முகப்பிலேயே நிற்கிறது. போர்ட்டர், ஜிக் கடிதத்துக்கு அப்படி நேர வழியில்லை, ஏனென்றால் அதில் பொய் இல்லை. அவர்கள் எண்ணியதை எண்ணியபடி எழுதினார்கள். திரும்பப் பெற எதுவும் இல்லாத ஒன்று தவறாகப் பயன்படும்போது எந்த வடிகட்டியும் அதைப் பிடிக்காது, படிப்பவர்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் தேடும் கட்டுரையில் யாரை ஆராய்ந்தார்கள், எங்கே, எவ்வளவு காலம் என்ற மூன்றையும் மூலத்திலிருந்தே எழுதி வையுங்கள். பிறகு, அதை எடுத்தாண்டவர் சொல்வதோடு ஒப்பிடுங்கள்.

முழுக் கட்டுரைக்குக் காசு கேட்கிறார்களே என்ற சிக்கல் மாணவர்களுக்கு உண்மையானது. இந்தியாவில் அரசுக் கல்லூரியிலும் அரசுப் பல்கலைக்கழகத்திலும் இருப்பவர்களுக்கு, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். மற்றவர்கள் பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகக் கிடைப்பதைத் தேடலாம், கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதியும் கேட்கலாம். தன் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்றால் பலரும் மகிழ்ச்சியாக அனுப்பிவைப்பார்கள்.

டொரன்டோ குழுவின் கணக்கு வெளியானதும், 1980 கடிதத்தின் இணையப் பக்கத்தில் ஆய்விதழ் ஒரு குறிப்பைச் சேர்த்தது. அடிமையாவது அரிது என்பதற்கு இக்கடிதம் ஆராயாமல் ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது, பொதுச் சுகாதாரத்தைக் கருதி வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதம் அச்சாகி அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.