தெருக்குரல்: பாட்டுக்குள் பதுங்கியிருக்கும் சொல்



தா.பழூரில் நடக்கும் நினைவுச் சொற்பொழிவில் ராப் பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கொள்ளிடக் கரை வயல்களில் நடவு நட்ட நம் பாட்டிமார் அப்படிக் கேட்கமாட்டார்கள். பண்ணையார் வரப்பில் நிற்கும்போதே, அவர் காதில் விழும்படி, ஆனால் அவருக்குப் பிடிபடாதபடி அவரைக் கேலி செய்து பாடத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒரே சொல்லில் இரண்டு பொருளைப் புலவர் வைத்தால் சிலேடை என்று காளமேகத்தைக் கொண்டாடுகிறோம். கூலிக்காரி வைத்தால் கொச்சை என்று தள்ளுகிறோம்.

வாய்திறந்து பேச முடியாதவர்களுக்கு இரட்டைப் பொருள் அலங்காரம் அல்ல, பாதுகாப்பு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து வந்த கேஆர்எஸ்-ஒன், 1993இல் வெளிவந்த தன் பாட்டொன்றில் ‘ஓவர்சீயர்’ என்ற சொல்லை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கேட்கக் கேட்க அது ‘ஆபீசர்’ ஆகிவிடுகிறது. அடிமைத் தோட்டத்தின் கங்காணிதான் இன்றைய போலீஸ் என்ற வரலாற்று வாதம், ஒரு உச்சரிப்புக்குள் முடிந்துவிடுகிறது.

நம் பக்கம் வருவோம். அரக்கோணத்துக்காரரான அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘தெருக்குரல்’. ‘திருக்குறள்’ என்று காதில் விழும். திரு, தெருவானது, குறள், குரலானது. எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்றார்களோ, அந்தத் தெருவே இங்கே நூலின் பெயராகிறது.

இது புதிய வழக்கமும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் அந்நூலைத் ‘திரிக்குறள்’ என்று எழுதி, பௌத்தத்தின் திரிபிடகத்தோடு இணைத்தார். சொல்லைப் பிரித்து அதற்குள் புதைந்த வரலாற்றைத் தேடுவது அவருடைய ஆய்வுமுறை. ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்ற அவரது சிந்தனையின் வழியில்தான், பா.ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கி 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய இசைக்குழு ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்று பெயர் பெற்றது. கானா, பறை, ராப் மூன்றும் அங்கே ஒரே மேடையில் நின்றன.

2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை உலகமே ஆடிக் கொண்டாடியது. ‘எஞ்சாமி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வயலில் கைகட்டி நின்று ஆண்டையை அழைத்த சொல் அது. அதே சொல்லால் நம் ஆயா பேரப்பிள்ளையையும் கொஞ்சுவாள். ஆண்டைக்குக் கட்டாயத்தில் கொடுத்த மரியாதையைப் பேரனுக்கு அன்பாக மாற்றிக் கொடுக்கிறாள். துள்ளலுக்கு அடியில் ஒப்பாரி ஓடுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி, நிலமில்லாமல் நின்ற தலைமுறையின் கதை அது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் பெயரே பாட்டில் இருக்கிறது.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. பா.ரஞ்சித் அதைப் பொதுவெளியில் கேட்டார். கேள்விகள் பெருகிய பிறகே அறிவுக்கென்று மின்னிதழ் அட்டை வந்தது. பாட்டுக்குக் கோடிப் பேர் ஆடலாம். எழுதியவன் யார், எந்தச் சேரியின் வலி அது என்பது மறைந்தால், உள்பொருளும் கூடவே மறையும். வெறும் தாளம்தான் மிஞ்சும்.

நடவுப் பாட்டு பாடிய எத்தனை பேரின் பெயர் நம்மிடம் இருக்கிறது? ‘நாட்டுப்புறப் பாடல், பாடியவர் பெயர் இல்லை’ என்று ஏடுகளில் எழுதிவிட்டுப் போனார்கள். பெயர் இருந்தது; கேட்கத்தான் ஆளில்லை.

எனவே மாணவர்களே, கையில் இருக்கும் செல்போனோடு உங்கள் ஆயாவிடம் போய் உட்காருங்கள். பாட்டைப் பதிவு செய்யுங்கள். இந்தச் சொல்லில் யாரைத் திட்டினாய் என்று கேளுங்கள். அவர் சிரிப்பார், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வருவதையும் எழுதுங்கள். முதல் வரியில் அவர் பெயரை எழுதுங்கள்.