விழித்திரையைக் காக்கும் புரதம்

ஆர்பி என்பது செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் புரதம். இதை உண்டாக்கும் மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் சிறு குழந்தைகளின் விழித்திரையில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் வருகிறது.

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். அதற்கான மரபணுக்களைத் தூண்டுவது இ2எஃப் என்ற புரதக் குடும்பம். ஆர்பி அதைப் பற்றிக்கொண்டிருக்கும் வரை நகலெடுப்பு தொடங்காது. வளர்ச்சிச் சமிக்ஞை வந்ததும் செல்லுக்குள் சைக்ளின் டி பெருகி, சிடிகே4, சிடிகே6 நொதிகளுடன் சேர்ந்து ஆர்பியின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏற ஏற ஆர்பியின் பிடி தளரும், இ2எஃப் விடுபடும். செல் பிரிந்ததும் பாஸ்பேட் நீங்கி, ஆர்பி மறுபடி தடுப்புக்குத் திரும்பும். அந்த நொதிகளை அடக்க பி16 என்ற இன்னொரு புரதமும் உண்டு. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்ளிப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து செய்வதும் பி16இன் வேலையைத்தான். கருப்பைவாய்ப் புற்றுநோயில் கதை வேறு: அங்கே ஆர்பி மரபணு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், பாப்பிலோமா வைரஸின் இ7 புரதம் ஆர்பியைச் செயலிழக்கச் செய்துவிடும்.

ஒவ்வொரு செல்லிலும் ஆர்பி மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் கெட்டால்தான் தடுப்பு அறுந்துபோகும். 1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், 48 நோயாளிகளின் குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டே இதை ஊகித்தார். மரபணு கையில் கிடைத்தது 1986இல்தான். ஆய்வுக்கூடம் எட்டாத இடத்தை வெறும் கணக்கு எட்டிய அரிய நிகழ்வு இது. பிறவியிலேயே ஒரு பிரதி கெட்ட குழந்தைக்கு இன்னும் ஒரு பழுது போதும். அதனால் நோய் சீக்கிரம் வரும், பல வேளை இரு கண்களிலும் வரும். மற்றக் குழந்தைகளுக்கு ஒரே செல்லில் இரு பழுதுகளும் நேர வேண்டும். நோய் சற்றுத் தாமதமாக, ஒரு கண்ணில் மட்டும் தோன்றும்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்நோய்க்குச் சிகிச்சை தரப்படுகிறது; அதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆர்பி மரபணுவையும் ஆராய்கிறது. வெளிச்சம் படும்போது கண்பாப்பா வெள்ளையாக மின்னுவது முதல் அறிகுறி, மாறுகண் இன்னொன்று. மாறுகண்ணை யோகம் என்று விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் கண்டால் லேசர், கீமோதெரபி ஆகியவற்றால் கண்ணையே காப்பாற்ற முடியும். தாமதித்தால் புற்று பார்வை நரம்பு வழியே மூளைக்கு ஏறிவிடும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்று பெற்றோரைக் குறை சொல்வது இந்த நோயில் பொருந்தாது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுது வர வேண்டியதில்லை. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பல குழந்தைகளுக்கு அது புதிதாகவே உண்டாகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. நோயுற்ற குழந்தையிடம் பழுது எதுவென்று தெரிந்துவிட்டால், தம்பி தங்கைக்கும் இரத்தத்தில் அதைத் தேடலாம். இல்லாத குழந்தைக்கு மயக்கம் கொடுத்துத் திரும்பத் திரும்பக் கண்ணைச் சோதிக்க வேண்டியதில்லை. இருக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலேயே சோதனை தொடங்க வேண்டும்.