மைக் இல்லாத மேடையில் ஒரு குரல்

சென்ற ஆண்டு அடைமழைக் காலத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை. "ஐந்து நாள் பேசாதீர்கள். கிசுகிசுப்பாகக்கூடப் பேச வேண்டாம்" என்றார் மருத்துவர். தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன் நான். பேசாமல் எப்படிப் பாடம் நடத்துவது?

ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: "செய்யுளை யார் வாசிக்கிறீர்கள்?" ஒரு மாணவி எழுந்தாள். ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. ஆனாலும் கடைசி வரிசைவரை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

நான் தினமும் "மெதுவாகப் பேசு" என்று அதட்டிய மாணவி அவள். கலைத் திருவிழாவுக்குப் பாடுபவர்களைத் தேர்ந்தெடுத்தபோது, "குரல் முரடாக இருக்கிறது" என்று அவள் பெயரை நான்தான் விட்டிருந்தேன். அவளுடைய அம்மா நடவு வயலில் முன்பாட்டுப் பாடுகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. வயலின் இந்தக் கரையில் பாடினால் அந்தக் கரைக்குக் கேட்க வேண்டிய குரல் அது. அந்த வாரம் முழுவதும் கே. பி. சுந்தராம்பாளின் நினைவாகவே இருந்தேன்.

ஓபராவும் நம் இசை நாடகமும்

மேலை நாடுகளில் ஓபரா என்றொரு கலை உண்டு. கதை முழுவதையும் பாட்டாகவே நடிப்பார்கள். அதில் மிக உயர்ந்த சுருதியில் பாடும் பெண் குரலுக்குச் சோப்ரானோ என்று பெயர். பெரிய வாத்தியக் குழு ஒன்று முழங்கிக்கொண்டிருக்க, அதையும் மீறி, ஒலிபெருக்கி இல்லாமல் அரங்கின் கடைசி இருக்கைவரை அந்தக் குரல் எட்ட வேண்டும்.

நம்மிடம் இதற்கு மிக அருகில் இருப்பது இசை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்தெடுத்த மேடை அது. ஊர்ப் பொட்டலில் கொட்டகை, விளக்கொளி, ஆர்மோனியம், மிருதங்கம், விடிய விடிய நாடகம். மைக் வராத காலத்தில் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் பாட்டின் சொல் புரிய வேண்டும். புரியாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். அந்த மேடையில் வளர்ந்தவர்தான் சுந்தராம்பாள்.

கொடுமுடியிலிருந்து

1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் ரயிலில் பாடிப் பிழைத்தவர் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து சிறுவர் வேடங்களில் தொடங்கினார். இலங்கைக்கு நாடகம் நடிக்கச் சென்றபோது, செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவுடன் மேடையேறினார். கிட்டப்பாவும் உச்ச சுருதியில் பாடிப் புகழ்பெற்றவர். 1927இல் இருவரும் மணந்துகொண்டனர். 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றுமுதல் வெள்ளைப் புடவைதான். இனி எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

அத்துடன் அவர் பாட்டு முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 'மணிமேகலை' (1940), 'ஔவையார்' (1953) என்று தொடர்ந்து, 'பூம்புகார்' படத்தில் (1964) கவுந்தியடிகளாகவும் 'திருவிளையாடல்' படத்தில் (1965) மீண்டும் ஔவையாராகவும் வந்தார். 1951இல் சட்ட மேலவை உறுப்பினரானார். 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டுக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980இல் மறைந்தார். கணவரை இழந்த பெண் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலத்தில், அவரை அரை நூற்றாண்டு மக்கள் முன் நிறுத்தியது அந்தக் குரல்.

கத்தினால் எட்டாது

அந்தக் குரல் எப்படி எட்டியது? நாம் பேசும்போது குரல்நாண்கள் அதிர்கின்றன. ஆண் குரலில் நொடிக்கு ஏறத்தாழ 120 முறை. பெண் குரலில் ஏறத்தாழ 200 முறை. சோப்ரானோ உச்சத்தில் பாடும்போது ஆயிரத்தையும் தாண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 200 என்றால், ஒரு நிமிடம் விடாமல் குரல் எழுப்பும்போது நாண்கள் 12,000 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தும்போது ஒவ்வொரு மோதலும் பலமாகிறது. நாண்கள் வீங்குகின்றன. எனக்கு நேர்ந்தது அதுதான்.

மேடைப் பாடகர்கள் தொண்டையை இறுக்குவதில்லை. வயிறுவரை மூச்சை இழுத்துச் சீராக விடுகிறார்கள். வாயை நன்றாகத் திறந்து, தொண்டையும் வாயும் ஒலியைப் பெருக்கும்படி செய்கிறார்கள். நொடிக்கு 2,000 முதல் 5,000 வரையான அதிர்வுகளைத்தான் மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கிறது. பயின்ற குரலில் அந்த மேல் அதிர்வுகள் வலுவாக இருக்கும். வாத்தியங்களைத் தாண்டி அது கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'கணீர்' என்று நாம் சொல்வது இதைத்தான்.

வகுப்பறையில்

எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒலி பற்றி நடத்தும்போது இதைச் செய்து பார்க்கலாம். ஒரே தொடரை மூன்று மாணவர்கள் மூன்று விதமாகச் சொல்லட்டும்: கிசுகிசுப்பாக, கத்தி, மூச்சிழுத்து வாய் திறந்து நிதானமாக. மைதானத்தின் மறுகோடியில் நிற்பவர்கள் புரிந்த சொற்களை எழுதட்டும். எங்கள் பள்ளியில் மூன்றாவது முறைதான் வென்றது.

தமிழ் வகுப்பில் நந்தன் கதையை எடுக்கலாம். நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய 'நந்தனார் சரித்திரம்' டெல்டாவின் சொந்த இசை நாடகம். தில்லைக்குப் போக விடுமுறை கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்துப் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர். அப்படியானால் நாற்பது வேலி எத்தனை ஏக்கர்? விடை சுமார் 267 என்று வந்ததும் வகுப்பு அமைதியானது. "எங்க அம்மாவுக்கு ஒரு நாளைக்கு அரை ஏக்கர்கூட ஆகாது சார்" என்றாள் அந்த மாணவி.

இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். காலை வழிபாட்டில் மைக் பழுதானால் திருக்குறள் சொல்ல அவளைத்தான் அழைக்கிறோம். இந்த ஆண்டுக் கலைத் திருவிழாப் பட்டியலில் அவள் பெயரை முதலில் எழுதினேன். "போன வருஷம் என் குரல் நல்லா இல்லையா சார்?" என்று கேட்டாள். "குரல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை" என்றேன்.

உங்கள் வகுப்பிலும் "கத்தாதே" என்று அடிக்கடி சொல்லப்படும் பிள்ளை ஒன்று இருக்கும். நாளை ஒருமுறை அதை எழுப்பிப் பாடச் சொல்லுங்கள்.